மூக்குப்பொடி மணம் போகாமல் இருக்க: ரங்கூன் மழைக்கு ஏற்ற வழி

மூக்குப்பொடி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் பெரிய டப்பாவை அடிக்கடி திறப்பதுதான். காலையில் ஒரு சிட்டிகை, மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை, யாராவது வந்து உட்கார்ந்தால் அவருக்கு ஒன்று என்று முழு இருப்பையும் ஒரே டப்பாவில் வைத்துத் திறந்து மூடினால் எந்த ஊரிலும் பொடி சீக்கிரம் வீணாகும். ரங்கூனில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இங்கே மே மாத நடுவில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. ஆடி, ஆவணியில் பெல்ட், செருப்பு, அலமாரியில் மடித்து வைத்த வேட்டி எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூத்துவிடும். பொடி மட்டும் எப்படித் தப்பும்?

எங்களுக்கு நல்ல பொடி சென்னையிலிருந்துதான் வரவேண்டும். கல்யாணத்துக்கோ கோயில் வேண்டுதலுக்கோ யாராவது ஊருக்குப் போனால் சொல்லி அனுப்புவோம். அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. 2020 மார்ச் கடைசியில் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. வழக்கமான போக்குவரத்து மறுபடி தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். அந்த இரண்டு வருஷமும் கையில் இருந்த பொடியை வைத்துத்தான் ஓட்டினோம். எந்தப் பொடி நிற்கும், எது நிற்காது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

நான் தெய்ஞ்சி சந்தையில் ஒரு மசாலாச் சரக்குக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ஆட்கள் சூரத்தி பஜார் என்று சொல்கிற அதே சந்தைதான். ஏலம், கிராம்பு, பெருங்காயம் எல்லாவற்றையும் ஒரு மழைக்காலம் முழுக்க மணம் இறங்காமல் காப்பாற்றுவது எங்கள் பிழைப்பு. அந்தக் கைப்பழக்கம்தான் பொடிக்கும் உதவியது. பொடி போடுகிற பெரியவர்கள் இருக்கிற வீடுகளுக்கும், அவர்களுக்காக வாங்கி வைக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொடி பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். புகை இல்லை என்பதால் கெடுதல் இல்லை என்று நினைக்காதீர்கள். இதிலும் நிக்கோடின் இருக்கிறது, ஒருமுறை பிடித்தால் விடாது. பல வருஷம் போட்டவர்களின் மூக்கின் உள்தோல் கெட்டுப்போகும். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கீழே எங்கெல்லாம் "பாட்டிலை வையுங்கள்" என்று சொல்கிறேனோ, அங்கெல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம், முடிந்தால் பூட்டுப் போட்ட இடம் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் மிளகுத்தூள், சீரகத்தூள் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒருநாளும் வைக்கக் கூடாது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்.

பொடிக்குள் என்ன இருக்கிறது

நம்முடைய பட்டணம் பொடியில் வறுத்து இடித்த புகையிலை இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, நெய் இருக்கிறது. இந்த மூன்றும் மூன்று விதமாகக் கெடும்.

சுண்ணாம்பு சேர்ப்பது காரத்துக்காக. புகையிலையில் கட்டுண்டு கிடக்கிற நிக்கோடினை அது அவிழ்த்துவிடுகிறது. அப்படி அவிழ்ந்த நிக்கோடின் காற்றில் மெல்ல ஆவியாகிப் போகும். கூடவே அமோனியாவும் போகும். நாள்கணக்கில் திறந்து கிடந்த பொடியில் அந்தச் 'சுர்' என்ற வேகம் இல்லாமல் போவது இதனால்தான். பார்வைக்குப் பொடி அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

நெய் காற்று, வெளிச்சம், சூடு மூன்றுக்கும் பயப்படும். இந்த மூன்றில் எது பட்டாலும் நாளடைவில் காறல் வாடை அடிக்கும். காறிய நெய்யை மறுபடி நல்ல நெய்யாக்க முடியாது.

புகையிலைத் தூள் ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் ரங்கூன் வீடுகளுக்குள் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

ஆக, காற்று புகாத பாத்திரம், இருட்டு, சூடில்லாத இடம். இந்த மூன்றும் அமைந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வாங்கும்போதே யோசிக்க வேண்டியது

சொல்லி அனுப்பும்போதே இரண்டு விதமாகக் கேளுங்கள். உடனே போட்டுத் தீர்க்க நெய் சேர்த்த பொடி கொஞ்சம். இருப்பு வைக்க நெய் சேர்க்காத பொடி மீதி எல்லாம். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

விமானம் இல்லாத அந்த இரண்டு வருஷத்தில் நெய்ப்பொடி எவ்வளவு கவனமாக மூடி வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு அப்புறம் லேசாகக் காறத் தொடங்கியது. நெய் சேர்க்காத பொடி, சரியாக மூடியிருந்த பாட்டில்களில், கடைசிவரை நன்றாக இருந்தது. மணம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வேண்டும்போது கொஞ்சமாக எடுத்து வீட்டிலேயே நெய் சேர்த்துக்கொள்ளலாம். அது பெரிய வித்தை இல்லை, கீழே சொல்கிறேன்.

மட்டையில் கட்டிவருகிற பொடி இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுகிறவர்களுக்குச் சரி. வாழைமட்டைச் சருகு பொடியில் இருக்கிற நெய்யைக் குடித்துவிடும், வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே விடும். கடல் தாண்டி வருகிற பொடியை மட்டையிலேயே வைத்திருக்க வேண்டாம். வந்த அன்றே மாற்றிவிடுங்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலமாக வந்தால் பிரிக்காமல் அப்படியே ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடுங்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக் மட்டும் போதாது. பொட்டலத்தை வெளியிலிருந்து முகர்ந்து பாருங்கள். மணம் வருகிறது என்றால் மணம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சில வீடுகளுக்கு ஜெர்மன் பொடி, இங்கிலாந்துப் பொடி வாங்கி அனுப்புகிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1737-இல் தொடங்கிய வில்சன்ஸ், ஜெர்மனியின் பவேரியாவில் பெஷ்ல் என்று பழைய ஆலைகள் உண்டு. அவற்றில் பலவற்றில் மென்தால் தூக்கலாக இருக்கும். அதை நம் பொடியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். சில வாரத்தில் பெட்டி முழுக்க மென்தால் வாடைதான் அடிக்கும், பட்டணம் பொடியின் வறுத்த மணம் அதற்குள் அமுங்கிப்போகும்.

பாட்டில் தேர்வு

கண்ணாடிதான். வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாஸ்டிக் டப்பா வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், முன்னால் அதில் இருந்த சாமானின் மணத்தைப் பொடிக்குக் கொடுக்கும். மருந்து வருகிற பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே வெளிச்சம் அதிகம் போகாது, அளவும் சின்னது. வாய் அகலமாக, மூடி திருகும் வகையாக, மூடிக்குள் ரப்பரோ தடித்த அட்டையோ வைத்ததாக இருக்க வேண்டும்.

ஒரு பாட்டிலில் பத்து நாள், அதிகம் போனால் பதினைந்து நாளுக்கான பொடி மட்டும் கொள்ள வேண்டும். பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் அழகாக இருக்கிறது என்று அதில் மொத்தத்தையும் கொட்டி வைக்காதீர்கள். நான் முதலில் சொன்ன கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சின்ன பாட்டில் பத்து இருந்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்ற ஒன்பதும் காற்றைப் பார்ப்பதில்லை.

மூடி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வெறும் பாட்டிலை இறுக மூடி, கை பொறுக்கிற சூட்டில் இருக்கிற வெந்நீரில் முழுக அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கிற காற்று சூடேறி விரியும். மூடியில் சந்து இருந்தால் குமிழி குமிழியாக வெளியே வரும். குமிழி வருகிற பாட்டிலில் சர்க்கரை போட்டு வையுங்கள், பொடி வேண்டாம்.

பழைய வாடை போக, சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள். மூடியைத் தனியாக ஊறவையுங்கள். வாடை ஒளிந்திருப்பது பெரும்பாலும் மூடியின் அட்டையில்தான். ஊறுகாய் இருந்த பாட்டிலின் மூடியை எவ்வளவு கழுவினாலும் சரிப்பட்டு வராது, அதற்கு வேறு மூடி தேடுங்கள். கழுவியபின் நன்றாகக் காய வேண்டும். வெயில் காலத்தில் முற்றத்து வெயிலில் ஒரு பகல் போதும். மழைக்காலத்தில் துணியால் துடைத்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று நம்பாதீர்கள். அடுப்பு அணைத்தபின் அதன் வெதுவெதுப்பில் பாட்டிலை வாய் திறந்து வைத்து, பிறகு ஆறவிட்டு எடுங்கள். ஆறாத பாட்டிலில் பொடி போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும்.

பிரித்து நிரப்புவது

இந்த வேலைக்கு ரங்கூனில் நல்ல காலம் கார்த்திகை முதல் மாசி வரை. அப்போது காற்று உலர்ந்திருக்கும். ஊரிலிருந்து ஆள் வருவது நம் கையில் இல்லை, ஆடி மாதத்தில் வந்தால் ஆடி மாதத்தில்தான் பிரிக்க வேண்டும். அப்படியானால் மழை விட்ட ஒரு மத்தியான வேளையாகப் பாருங்கள். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறி ஓடினால் பொடி பறந்து வீடே தும்மும். மூக்கையும் வாயையும் ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பழகிய மூக்கானாலும் அவ்வளவு தூளை ஒரே நேரத்தில் உள்ளே இழுப்பது நல்லதில்லை.

கை, கரண்டி, காகிதம் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதன் வழியாகக் கொட்டுங்கள். கொஞ்சம் போட்டதும் பாட்டிலின் அடியை மேஜையில் மெல்லத் தட்டுங்கள், பொடி அடங்கும். மறுபடி போடுங்கள். கழுத்து வரை நிரப்புங்கள். காலியிடம் விட்டால் அந்த இடத்தில் காற்றுதான் நிற்கும், நெய்யைக் காறவைக்க அதுவே போதும். ஆனால் இடித்து இடித்துத் திணிக்க வேண்டாம். நெய்ப்பொடி அழுத்தினால் கட்டி தட்டிவிடும்.

விளிம்பில் ஒட்டிய தூளை உலர்ந்த துணியால் துடைத்தபின் மூடுங்கள். அந்தத் தூள் இருந்தால் மூடி முழுதாக உட்காராது. பிறகு மெழுகுவர்த்தியை ஒரு பழைய தகரக் குவளையில் உருக்கி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடி முங்கும் வரை ஒருமுறை தோய்த்து எடுங்கள். ஆறியதும் இன்னொருமுறை. மெழுகு சீல் வைத்த பாட்டிலைத் தெரியாமல் யாரும் திறக்கவும் முடியாது. மெழுகுக்குப் பதில் கருப்பு மின்சார டேப்பை இழுத்துச் சுற்றுகிறவர்களும் உண்டு. அது நம் ஊர்ச் சூட்டில் இளகிப் பிசுபிசுத்துவிடும் என்பதால் நான் மெழுகைத்தான் விரும்புகிறேன்.

சீட்டு ஒட்டுங்கள். என்ன பொடி, நெய் சேர்த்ததா இல்லையா, எந்த மாதம் வந்தது, இந்த மூன்று போதும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழைக்காலத்தில் ஊறி ஊறி ஒன்றுமே தெரியாமல் போய்விடும். பழையதை முன்னால் வைத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். கடையில் சரக்கு அடுக்குகிற எல்லாருக்கும் இது தெரியும், வீட்டில்தான் மறந்துவிடுகிறோம்.

இப்போது ஒரு பிஸ்கட் தகர டின் எடுத்து, அடியில் அரிசியைப் பரப்ப வேண்டும். சும்மா அரிசி இல்லை, வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து முழுக்க ஆறவைத்த அரிசி. அது டின்னுக்குள் புகுகிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் பாட்டில்களை நிற்க வைத்து டின்னை மூடுங்கள். மழை மாதங்களில் மாதம் ஒருமுறை அரிசியை மறுபடி வறுத்துப் போடுங்கள். கடைகளில் புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலமும் போடலாம். அரிசியோ சிலிக்காவோ, பாட்டிலுக்கு வெளியே டின்னுக்குள் மட்டும்தான். பொடியோடு சேர்த்துப் போட்டால் பொடியில் இருக்க வேண்டிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும், தொட்டால் புழுதி மாதிரி ஆகிவிடும்.

எங்கே வைப்பது

தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல் வைக்கக் கூடாது. சித்திரையில் அங்கே கை வைக்க முடியாத சூடு இருக்கும். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், மழையில் சுவர் ஊறும். சமையலறை வேண்டாம். பூஜை அறையும் வேண்டாம். சூடம், சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றின் மணமும் நெய்யில் ஏறிக்கொள்ளும். துணி அலமாரி நல்ல இடம், ஆனால் அந்துருண்டை போட்ட அலமாரி என்றால் அதுவும் கூடாது. எங்கள் வீட்டில் நடு அறையில் இருக்கிற மர அலமாரியின் கீழ்த்தட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லை.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாள் முழுக்க மின்சாரம் இருக்கிற ஊரில் வைக்கலாம். நெய்ப்பொடிக்குக் குளிர் நல்லதுதான். இங்கே மின்சாரம் மணிக்கணக்கில் போய்விடுகிறது. குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்ந்து என்று பெட்டிக்குள் ஈரம் வடிந்துகொண்டே இருக்கும். அதோடு பர்மியச் சமையல் நடக்கிற வீட்டுப் பெட்டியில் ஙாப்பி இருக்கும். அந்த மீன் விழுது வாடை மூடியைத் தாண்டியும் உள்ளே போகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் மெழுகு சீல் வைத்த கண்ணாடி பாட்டிலை இன்னொரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அரை நாள் அப்படியே மேஜையில் கிடக்கட்டும், பாட்டிலின் சில்லிப்பு முழுக்கப் போகட்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் பொடிமேல் பனியாக இறங்கிவிடும்.

வண்டு விஷயம் ஒன்று இருக்கிறது. மசாலாக் கடைக்காரர்களுக்கு இந்தச் சின்னப் பழுப்பு வண்டை நன்றாகத் தெரியும். புகையிலை, சுருட்டு, மஞ்சள், மிளகாய் எல்லாவற்றையும் துளைக்கும். காகிதம், மெல்லிய பிளாஸ்டிக் எதுவும் அதற்குத் தடை இல்லை. இலைப் புகையிலையும் சுருட்டும் வைக்கிற அலமாரியில் பொடியை வைக்காதீர்கள். வெற்றிலைக்குப் புகையிலை போடுகிறவர்கள் வீட்டில் இது முக்கியம். இலையில் ஊசித் துளைகளோ, அடியில் மாவு மாதிரித் தூளோ தெரிந்தால், நல்ல உறைநிலைப் பெட்டியில், அதாவது கழித்தல் 18 டிகிரியில், ஒரு வாரம் வைத்தெடுத்தால் வண்டும் முட்டையும் சாகும். அந்த வசதி இல்லாவிட்டால் அந்தப் புகையிலையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மடியில் வைக்கிற டப்பி

பித்தளை டப்பி பார்க்க அழகு. எங்கள் தாத்தா காலத்து டப்பிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஒருநாள் பொடிக்கு அவை சரி. அதற்குமேல் வேண்டாம். பொடியிலிருந்து வருகிற அமோனியா பித்தளையை அரித்துப் பச்சை பிடிக்கவைக்கும். பித்தளையில் இருக்கிற செம்பு நெய்யையும் சீக்கிரம் காறவைக்கும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும், உள்பக்கம் சொரசொரவென்று வெள்ளைப் புள்ளிகளாக ஆகும். எவர்சில்வர் பரவாயில்லை.

பர்மாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி, பகான் பக்கத்து அரக்கு டப்பி. மூங்கில் பின்னலின்மேல் மரப்பாலைப் பல தடவை பூசிப் பூசிக் காயவைத்துச் செய்வது. லேசானது, ஈரம் ஊறாது, பொடியோடு எந்த வம்புக்கும் போகாது. புதிதாக வாங்கினால் அரக்கு வாடை இருக்கும். மூடியைத் திறந்து நிழலில் சில வாரங்கள் வைத்து, வாடை போன பிறகு பொடி போடுங்கள். கடையில் கேட்கும்போது உண்மையான அரக்கா, பளபளவென்று பெயின்ட் அடித்ததா என்று முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

எந்த டப்பியானாலும் இரண்டு நாள் பொடிக்குமேல் போடாதீர்கள். டப்பியில் மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்பக் கொட்டாதீர்கள். விரல் பட்ட பொடி அது. விரலின் வியர்வையும் ஈரமும் அதில் இருக்கும். பாட்டிலிலிருந்து டப்பிக்கு மாற்ற ஒரு சின்னக் கரண்டியை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலுக்குள் விரல் போகவே கூடாது.

காய்ந்துபோனால், நமர்த்துப்போனால்

என் மகளை மாண்டலேயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தியும் பொடி போடுகிறவர். நான் மழையோடு மல்லாடினால் அவர் வறட்சியோடு மல்லாடுகிறார். ரங்கூனில் பெய்கிற மழையில் பாதிகூட அங்கே கிடையாது, பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். "சம்பந்தி, டப்பாவைத் திறந்தாலே பொடி தூசியாப் பறக்குது. மூக்குல வச்சா எரிச்சல்தான், மணமே இல்லை" என்று போனில் சொன்னார். "தண்ணி மட்டும் தெளிச்சிராதீங்க சம்பந்தி" என்றுதான் நான் முதலில் சொன்னேன்.

தண்ணீர் தெளித்தால் விழுந்த இடம் சேறாகிக் கட்டியாகும், பக்கத்து இடம் காய்ந்தே இருக்கும். மூன்றாம் நாள் கட்டிக்குள் பூஞ்சணம். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடச் சொல்வார்கள். வெட்டிய பழம் பூஞ்சணத்தைத் தானே கொண்டுவரும். அதையும் செய்யாதீர்கள். சுத்தமான ஒரு சின்னச் செங்கல் துண்டையோ உடைந்த மண்சட்டி ஓட்டையோ கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் சொட்டாமல் துடைத்து, ஒரு சின்ன மூடிக்குள் வையுங்கள். பொடியை ஒரு தட்டில் பரப்பி, தட்டையும் அந்த மூடியையும் பெரிய டப்பாவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடுங்கள். ஓடு பொடியைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பொடியைக் கிளறி, விரலால் நசுக்கிப் பாருங்கள். தூசியாகப் பறக்காமல் விரலில் லேசாக ஒட்டினால் போதும், ஓட்டை எடுத்துவிடுங்கள். பேராசைப்பட்டு இரவு முழுக்க விட வேண்டாம்.

நெய் வற்றியதால் காய்ந்தது போலத் தெரிகிற பொடிக்கு நெய்தான் மருந்து. நெய் சேர்க்காத பொடியைப் போடத் தயார்செய்வதும் இதே வழிதான். வெண்ணெயை உருக்கும்போது சடசடப்பு அடங்கும் வரை உருக்குங்கள். சத்தம் நின்றால்தான் தண்ணீர் போயிற்று என்று கணக்கு. தண்ணீர் மிஞ்சிய நெய் சீக்கிரம் காறும். வடிகட்டி வெதுவெதுப்பாக ஆறவையுங்கள். 25 கிராம் பொடிக்குக் கால் டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். பொடியின் நடுவில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கலக்க வேண்டும். நிறம் ஒரே சீராகக் கொஞ்சம் கருத்து வரும். பத்தாவிட்டால் இன்னும் இரண்டு சொட்டு. கூடிப்போனால் குறைக்க வழியில்லை, பொடி சேர்க்க வேண்டியதுதான். ஒரு வாரத்துக்குப் போதுமானதை மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

சம்பந்தி ஊரில் சூட்டுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரிய மண்தொட்டியில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானையைப் பதித்து, மெழுகு சீல் வைத்த பாட்டில்களைப் பானைக்குள் வைத்து மூடுகிறார். மணலின் தண்ணீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. வழியெல்லாம் தர்மத்துக்கு வைத்திருக்கிற தண்ணீர்ப் பானைகள் சில்லென்று இருப்பது இப்படித்தான். ரங்கூன் மழைக்காலத்தில் இது பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாகும்?

நமர்த்துப்போன பொடியைக் காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில், உலர்ந்த அறையில் சில மணி நேரம் விடுங்கள். வெயில் வேண்டாம், மணமும் காரமும் ஓடிவிடும். சட்டியில் போட்டு வறுக்கவே வேண்டாம். கிளம்புகிற ஆவி கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். கட்டிகளை விரலால் உடைத்து, மல் துணியில் சலித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் கண்ணில் பட்டுவிட்டால், மண் வாடை அடித்தால், அதைச் சலிக்கவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். எவ்வளவு தூரத்திலிருந்து வந்த பொடியாக இருந்தாலும் குழியில் கொட்டி மூடுங்கள். இது மூக்கு வழியாக உள்ளே போகிற பொருள். மேலே தெரிகிற பூஞ்சணத்தைத் தள்ளிவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத விதைகள் தூள் முழுக்கப் பரவியிருக்கும். இதில் சிக்கனம் பார்க்கிற பெரியவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பாட்டிலையும் கொதிக்கவைத்துக் கழுவாமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பாட்டிலைத் திறக்கும் நாள்

பல மாதம் சீல் வைத்திருந்த பாட்டிலைத் திறந்ததும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே தேங்கிய அமோனியா ஒரே வீச்சாக வரும், கண் கலங்கிவிடும். மெழுகைக் கத்தியால் உரித்து, மூடியை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அந்தக் கடுமை போனபின் முகர்ந்தால் வறுத்த புகையிலை மணம் வர வேண்டும். காறல் வாடை லேசாக இருந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, அதே மாதத்துச் சீட்டுள்ள மற்ற பாட்டில்களில் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். ஒரு மூடி மட்டும் சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் டப்பிக்கு வேண்டியதைக் கரண்டியால் எடுத்துக்கொண்டு மூடியை உடனே இறுக்குங்கள். திறந்த தேதியைச் சீட்டில் எழுதுங்கள். அந்தப் பாட்டில் தீரும் வரை அடுத்ததன் மெழுகைத் தொடாதீர்கள்.